நான்காம் குவியலின் சிவப்புக் கொடி

வெட்டிய புல்லைத் தனியாகக் குவித்தால் நாறும், சார். காய்ந்த சருகு தனியாக இருந்தால் கிடந்தபடியே கிடக்கும். இரண்டையும் கலந்து கிளறினால்தான் உரம். நகராட்சி உரக் கிடங்கில் சேர்ந்த அன்றே மச்சான் இதைச் சொல்லிக்கொடுத்தார். என் மனைவியின் அண்ணன், அங்கே மேற்பார்வையாளர். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அதை நான் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு குவியலிலும் ஏறி, உச்சியில் வெப்பமானிக் கம்பியைச் செருகுவார். ஒரு பிடி அள்ளி மோந்து பார்ப்பார். பிறகு, "மாப்ளே, இன்னொரு தடவை கிளறிடு."

வியாபாரிகள் வீட்டில் வளர்ந்தவன் நான். சொன்ன விலைக்கு எதையும் வாங்கிப் பழக்கமில்லை. "பாதி கிளறுறேன் மச்சான்" என்பேன்.

"பாதி முகத்தச் சவரம் பண்ணிட்டு வருவியா?" என்பார்.

பதினொரு வருஷத்தில் ஒரு பேரம்கூடப் படியவில்லை. முதுகு போய்விட்டது. வீட்டில் சொன்னால், "எங்கண்ணன் உங்க நல்லதுக்குத்தானே சொல்லும்" என்று தைலத்தை எடுத்து நீட்டுவாள்.

சில குவியல் உள்ளே தீப்பிடிக்கும். மேலே ஈரமாகத்தான் தெரியும். நடுவில் கனன்று, சாம்பலாகி, பொந்து விழுந்திருக்கும். அதில் சிவப்புக் கொடி நட்டால் யாரும் ஏறக்கூடாது. அவர் வகுத்த விதி. வியாழக்கிழமை நான்காம் குவியலில் கொடி நட்டவன் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளி காலை, அவர் வருமுன் அதைப் பிடுங்கி ஐந்தாம் குவியலில் நட்டேன். இருந்தது ஒரே கொடி. ஐந்து சூடாக இருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. கையை விட்டுப் பார்த்தேன், ஆறிப்போயிருந்தது.

அவர் நான்கில் ஏறினார். நான் தள்ளவில்லை. உச்சியில் நின்று, "இதையும் கிளறணும் மாப்ளே" என்றார். அப்போதுதான் கால் உள்ளே போனது. பிறகு இடுப்பு.

ஏணி என் பக்கத்தில் கிடந்தது. நான் அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன்.

"மாப்ளே, ஏணியப் போடு" என்றார். சற்று நேரம் கழித்து, "பாதி கிளறினா போதும்டா" என்றார்.

பதினொரு வருஷத்தில் முதல்முறையாக இறங்கி வந்தார். எதிராளி குறைக்கத் தொடங்கியதும் உடனே சரி என்று சொல்லிவிடக்கூடாது. எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

இன்னும் கொஞ்சம் குறைப்பார் என்று காத்திருந்தேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.