வண்டியில் பெட்ரோல் வாடை

வண்டியில் பெட்ரோல் வாடை வந்தால் முதலில் டேங்க் மூடியைத்தான் பார்க்க வேண்டும். மூடிக்குள் ஒரு வாஷர் இருக்கும். அது காய்ந்து வெடித்திருந்தால், மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது பெட்ரோல் வெளியே தெறிக்கும். பெரும்பாலான வண்டிகளில் கோளாறு அவ்வளவுதான். இது தெரியாமல் ஆட்கள் என்ஜினையே பிரித்துப் போட்டுவிடுவார்கள்.

நீங்கள் முருகையன் விஷயமாக ஸ்டேஷனிலிருந்து என் கையெழுத்து வாங்க வந்திருக்கிறீர்கள், ஐயா. வாசலில் சீட்டு வேறு டேங்க் வேறாக வண்டி கிடப்பதைப் பார்த்து, "என்ன ரெத்தினம், வண்டிக்கு என்ன?" என்று கேட்டீர்கள். பேச்சுக்குக் கேட்டிருப்பீர்கள். அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முருகையன் விஷயமும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

வண்டி என் பெயரில் இருந்தாலும் வாங்கிக் கொடுத்தவர் மிராசுதார் சாரங்கபாணி. வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் அவர் நிலம்தான். நான் அவருடைய காரியக்காரன். விதை விடுவது முதல் களத்தில் கூலி நெல் அளப்பது வரை என் பொறுப்பு. நடந்து வருகிற காரியக்காரனுக்கு ஒரு மரியாதை, மோட்டார் சைக்கிளில் வருகிறவனுக்கு வேறு மரியாதை. என் வண்டிச் சத்தம் கேட்டால் நடவுப் பெண்கள் பாட்டை நிறுத்திவிடுவார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வாடை வருவதை முதலில் சொன்னது என் மனைவி அம்சம். வாய்க்கால் கரைக் குடிசைகள் எரிந்து அந்தப் பரபரப்பு கொஞ்சம் அடங்கியிருந்த சமயம். அவளைப் பின்னால் உட்கார வைத்து நாகப்பட்டினம் போய்க்கொண்டிருந்தேன்.

"என்னங்க, பெட்ரோல் வாடை குமட்டுது. டேங்க் எங்கயோ ஒழுவுது போலருக்கு. பாருங்க" என்றாள்.

வண்டி சாலையை விட்டு இறங்கப் பார்த்தது. அவள் பயந்துபோய் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். குழி என்று சொல்லிச் சமாளித்தேன்.

வீட்டுக்கு வந்து மூடியின் வாஷரை மாற்றினேன். வாடை போகவில்லை. டேங்க்குக்கு அடியில் இருக்கும் திருகுக் குழாயைக் கழற்றிப் புதுசு போட்டேன். அதிலிருந்து கீழே போகிற ரப்பர் டியூபை மாற்றி இரண்டு முனையிலும் கம்பி சுற்றி இறுக்கினேன். கார்புரேட்டரைப் பிரித்து மிதவையைத் துடைத்து மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்தி வைத்துப் பார்த்தால் தரையில் ஒரு சொட்டு இருக்காது. ஓட்டிப் போனால் மட்டும் வாடை வரும். கூத்தாநல்லூரில் பட்டறை வைத்திருக்கும் சேக் தாவூதிடம் கொண்டுபோனேன். அவர் சுற்றிச் சுற்றி முகர்ந்து பார்த்துவிட்டு, "லேசாத்தான் வருது. இதுக்காகவா தூக்கமில்லாம வந்து நிக்கிறீங்க? ஓட்டுங்க, ஒண்ணும் ஆவாது" என்று சிரித்தார்.

தூக்கமில்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

குடிசைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று சென்னையில் சட்டம் போட்டார்கள். மிராசுதார் கொல்லையில் குடிசை போட்டிருந்தவர்கள் அதுவரை அவர் போ என்றால் போக வேண்டியவர்கள். இனிமேல் அவர்களுக்குப் பட்டா. தை அறுவடை முடிந்ததும் தாலுகா ஆபீசிலிருந்து வந்து யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கப்போவதாகப் பேச்சு வந்தது. வாய்க்கால் கரையில் ஐந்து குடிசைகள். ஐந்திலும் செங்கொடி. குடிசை இல்லாவிட்டால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"ஆளு இல்லாத நேரமாப் பாத்து முடிச்சுடு ரெத்தினம். யாருக்கும் ஒரு கீறல் படக் கூடாது" என்றார் சாரங்கபாணி. அவர் எப்போதுமே தணிந்துதான் பேசுவார்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நான் கேட்கலாம். கேட்க மாட்டேன். அம்புக்குக் கண் கிடையாது. எனக்கு இருந்தது.

கீழ்வேளூரில் சங்கத்துக் கூட்டம் நடந்த அன்று ஐந்து குடிசைக்காரர்களும் கொடியைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது சரியில்லை. முருகையன் பெண்டாட்டி ராமாயி போயிருக்க முடியாது. அந்த வாரம்தான் அறுவடையில் அரிவாள் அவள் பாதத்தில் இறங்கியது. நான் வரப்பில் நின்றிருந்தேன். என் துண்டைக் கிழித்து நானேதான் கட்டுப் போட்டேன். "பத்து நாளு காலு தரையில படக்கூடாது" என்று அவளிடம் சொன்னதும் நான்தான்.

விளக்கு வைக்கிற நேரம். குடிசைகளுக்கு நடுவில் வண்டியை நிறுத்தி, டியூபை உருவி, ஒரு டின்னில் பெட்ரோல் பிடித்தேன். கொஞ்சம் கீழே சிந்தியது. முதல் நாலு குடிசைக்கும் கீற்றில் ஊற்றியாயிற்று. ஐந்தாவதின் பக்கம் வந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாருங்க அது?"

"நாந்தான்" என்றேன். வாய் தவறிவிட்டது.

"காரியக்காரய்யாவா? என்னங்கய்யா, பெட்ரோல் வாடை இப்புடி அடிக்குது?"

"டேங்க் ஒழுவுது புள்ள. பாத்துக்கிட்டிருக்கேன். நீ படு."

"வைக்கப்போரு பக்கத்துல இருக்குங்கய்யா. வண்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. பொறி கிறி பட்டுச்சுன்னா வம்பாப் போயிரும்."

சரி என்று சொன்னேன். அவள் சொன்னது நியாயமாகவும் இருந்தது. வண்டியை உருட்டிக்கொண்டு போய் மதகுப் பக்கம் நிறுத்தினேன். அங்கே நின்று யோசித்தேன். அப்படியே ஏறி வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவள் என் குரலைக் கேட்டுவிட்டாள். கூட்டம் முடிந்து வருகிற புருஷனிடம், "காரியக்காரய்யா வந்தாரு, வண்டி ஒழுவுதுன்னாரு" என்று சொல்வாள். அவன் வெளியே வந்து கீற்றை முகர்ந்து பார்ப்பான். மறுநாள் களத்தில் நான் மரக்காலை எடுக்கும்போது அத்தனை பேரும் என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை நினைத்தேன். ஒரு பெண் சாவதைவிட அது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது, ஐயா. அதனால்தான் டேங்கைப் பார்த்துக்கொண்டே பேசுகிறேன்.

திரும்பி வந்து ஐந்தாவது குடிசைக்கும் ஊற்றினேன். தீக்குச்சி கிழித்தேன்.

அவள் காப்பாத்துங்க என்று கத்தியிருந்தால் ஒருவேளை எனக்கு இத்தனை கஷ்டம் இருந்திருக்காது. வண்டிதான் பற்றிக்கொண்டது என்று நினைத்துவிட்டாள். "அய்யா, எட்டப் போங்கய்யா, எட்டப் போங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். எனக்குத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு வந்தது எதுவும் பேச்சாக இல்லை. மதகடியில் நின்று கேட்டேன். பிறகு டியூபை மாட்டி வண்டியைக் கிளப்பினேன்.

முருகையனுக்கும் பெண்டாட்டிக்கும் தகராறு, கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து வந்து அவனே கொளுத்தினான், பழியை மிராசுதார் மேல் போடப் பார்த்தான் என்று போன தடவை உங்களிடம் சொன்னேன். வாய்க்கால் கரையில் அவனைக் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னேன். பார்க்கவில்லை. அது முழுப் பொய். இப்போது நீங்கள் கொண்டுவந்திருக்கிற தாளில் அதுதான் எழுதியிருக்கும். நான் கையெழுத்துப் போட்டால் அவனுக்குத் தூக்கோ ஆயுளோ. சவத்தின் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கருகாமல் கிடந்த ஒரு துண்டுத் துணியைக் கையில் வைத்திருந்தான். என் துண்டுதான் அது.

ஆகையால் கையெழுத்துப் போடப்போவதில்லை. அவனை விட்டுவிடுங்கள். சட்டையை மாட்டிக்கொண்டு உங்களோடு நான் வருகிறேன். அம்சத்திடம் மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வராது.

வண்டி விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். முந்தாநாள் டேங்கைக் கழற்றித் துடைத்து, அம்சத்தின் பவுடர் டப்பாவை எடுத்து அடிப்பக்கம் முழுக்கத் தூவி மாட்டினேன். கீழ்வேளூர் வரை ஓட்டிப் போய் வந்து கழற்றிப் பார்த்தேன். பின்பக்கம், டேங்க் சட்டத்தில் உட்கார்கிற இடத்தில், பவுடரில் ஒரு ஈரக்கோடு ஓடியிருந்தது. தலைமுடி அகலம்கூட இல்லாத விரிசல். வண்டி அதிரும்போது மட்டும் வாய் திறக்கும். கசிகிற பெட்ரோல் சூட்டில் காய்ந்துவிடும், அதனால்தான் தரையில் சொட்டவில்லை. அதைக் கண்டுபிடித்ததும் தாவாரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அம்சத்துக்குப் புரியவில்லை.

நேற்று தாவூது ஈயம் வைத்து அடைத்துக் கொடுத்தார். பற்றவைப்பதற்கு முன்னால் டேங்க் நிறையத் தண்ணீர் ஊற்றச் சொல்லி நான்தான் வற்புறுத்தினேன். காலி டேங்க்கில் ஆவி நிற்கும், நெருப்புப் பட்டால் வெடித்துவிடும், பக்கத்தில் இருக்கிற ஆளுக்கு ஆபத்து. நெருப்பு விஷயத்தில் நான் எப்போதுமே ஜாக்கிரதையான ஆள். அந்தத் தண்ணீர் உலரத்தான் டேங்க் வெயிலில் கிடக்கிறது. இனிமேல் வாடை வராது.

அடைப்பதற்கு முன்னால் தாவூதிடம் ஒன்று கேட்டேன். விரிசலின் ஓரத்தைச் சுரண்டிக் காட்டினார். துரு ஏறியிருந்தது. "இது இன்னைக்கு நேத்து வந்ததில்லீங்க, ரொம்ப நாளாவே ஒழுவிக்கிட்டிருக்கு" என்றார். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அப்படியானால் அன்று சாயங்காலமும் ஒழுகியிருக்கிறது.

மற்றதையெல்லாம் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. இதை மட்டும் நான் சொன்னபடியே எழுதுங்கள். ராமாயியிடம் நான் பொய் சொல்லவில்லை.