பச்சைப் பொட்டு

ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. நீங்கள் போன் பேச வெளியே போனபோது அதை அணைத்தது நான்தான், மேடம். கான்ஸ்டபிள் தம்பியைத் திட்ட வேண்டாம். நடந்ததை என் கைப்படவே எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுகிறேன். தாளின் இரண்டு பக்கமும் எழுதுவேன், அதற்கும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் பெயர் மோகன்ராஜ். பிறந்தது குண்டடம் பக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தவன். இப்போது கம்பெனியை மகன் பார்க்கிறான். இந்த ஊரில் தொழில் பழகுகிறவனுக்கு இரண்டு பாடம் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். ஒன்று, கப்பல் தேதியைத் தவறவிடாதே. தவறினால் சரக்கைச் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்த ஒரு செலவில் கம்பெனியே கவிழ்ந்துவிடும். இன்னொன்று, வாங்குகிறவன் கண் முதலில் லேபிளுக்குத்தான் போகும். லேபிள் சரியாக இருந்தால் துணியில் நான்கு ஓட்டை இருந்தாலும் பேசிக்கொள்ளலாம். நான் இந்த இரண்டையும் நன்றாகவே படித்தவன்.

நூருல்லாவை உங்களுக்குத் தெரியும். காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம். என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவான். அவன் மகள் மெஹ்ஜபின் நர்ஸ். வெளிநாட்டு மருத்துவக் குழு ஒன்றோடு சேர்ந்து, சண்டை நடக்கிற ஒரு நாட்டுக்குப் போனாள். எந்த நாடு என்பது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. அங்கிருந்து அவள் அப்பனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். காயத்துக்கு வைத்துக் கட்டத் துணியில்லை, படுக்கை விரிப்பைக் கிழித்துக் கட்டுகிறோம் என்று. நூருல்லா அதைக் கடையில் வைத்து எல்லோருக்கும் போட்டுக் காட்டினான். துணியிலேயே பிழைக்கிற ஊரில் அதைக் கேட்டுவிட்டு யார் சும்மா இருப்பார்கள்? ஒரே வாரத்தில் நிவாரண அறக்கட்டளை ஒன்று தொடங்கிவிட்டோம். பொருளாளர் யார் என்றதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

முதல் கூட்டத்திலேயே சொன்னேன். நிர்வாகச் செலவு என்று ஒரு ரூபாய்கூட எடுக்க மாட்டேன், வருகிற பணமெல்லாம் காயம்பட்டவனுக்கே போகும் என்று. கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

முதல் சரக்கை ஒரு குறையும் சொல்ல முடியாதபடி அனுப்பினேன். பல்லடம் தறியில் ஓட்டிய மெல்லிய துணியை வெளுத்து, வெட்டி, மடித்து, ஒவ்வொன்றையும் சின்னக் காகிதப் பையில் போட்டு ஒட்டினோம். பிறகு வெளியூரில் உள்ள ஒரு ஆலைக்கு அனுப்பி, கிருமி சாக கேஸ் ஏற்றி வாங்கினோம். ஒவ்வொரு பையிலும் ஒரு ஸ்டிக்கர் உண்டு. அதில் சிவப்பாக ஒரு பொட்டு. கேஸ் சரியாகப் பட்டால் பொட்டு பச்சையாக மாறும். பச்சையைப் பார்த்துவிட்டால் நர்ஸ் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை, பையைக் கிழித்து நேராகப் புண்ணில் வைக்கலாம்.

அதற்குப் பிறகுதான் எரிச்சல் ஆரம்பித்தது. எரிச்சல் என்று சாதாரணமாக எழுதுகிறேன், இரவில் தூக்கம் வராது. அடுத்த கூட்டத்தில் காங்கேயத்து எண்ணெய் மில்காரர் வீட்டம்மா சுப்பாத்தாள் எழுந்தார். நன்கொடையில் பெரிய பங்கு அவருடையது.

"ஏனுங்க, இதென்னங்க கேஸ் செலவுன்னு இத்தனை போட்டிருக்கறீங்க? கொதிக்கக் கொதிக்க வெளுத்த துணிதானுங்களே, அதுல என்னங்க அழுக்கு இருக்கப் போவுது? நிர்வாகச் செலவே இல்லைன்னு சொன்னீங்க."

விளக்கினேன். திரும்பவும் விளக்கினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். இன்னொருவர், பக்கத்து வீதி அமைப்பு நம்மைப் போல இரண்டு பங்கு பெட்டி அனுப்பிவிட்டது, பேப்பரில் போட்டோ வந்திருக்கிறது என்றார். பெட்டி எத்தனை, பெட்டி எத்தனை என்பதே பேச்சு. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்கட்டுமே. கணக்குப் பார்க்கிறவன் ஊருக்கு இளைத்தவன், ஆளாளுக்கு ஒரு குட்டு வைப்பார்கள். இத்தனைக்கும் நடுவே கேஸ் ஆலைக்காரன் வரிசை நீளமாக இருக்கிறது, மூன்று வாரம் ஆகும் என்கிறான். போன் போட்டால் பாட்டு பாடுகிறது. கண்டெய்னரோ புக் ஆகிவிட்டது. கப்பல் தேதி குறித்தாகிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் அருண்பாண்டியிடம் போனேன். பனியன்களுக்கு லேபிளும் ஸ்டிக்கரும் அடித்துக் கொடுக்கிற பையன், தேனிப் பக்கத்துக்காரன். பழைய ஸ்டிக்கரில் ஒன்றை, பொட்டு பச்சையாகிப் போனதை, மாதிரிக்குக் கொடுத்தேன்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணே, இது நிறம் மாறுற பொட்டுல்ல? மொதல்லயே பச்சையா அடிக்கச் சொல்றீகளே?"

"கண்காட்சிக்கு வெக்கறது தம்பி. குடுத்த கலரை அடிங்க."

அடித்துக் கொடுத்தான். நல்ல வேலைக்காரன், நிறம் இம்மி பிசகவில்லை. அவன் மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், அது நியாயமில்லை. பொய் சொன்னது நான்.

கேஸ் செலவு மிச்சமானதில் இன்னும் துணி வாங்கினேன். என் மகன் கம்பெனியில் சும்மா கிடந்த கட்டிங் ஹாலிலேயே பொட்டலம் கட்டினோம். மழைக்காலம், கூரை ஒரு மூலையில் சொட்டியது. பெண்கள் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே மடித்தார்கள். கையுறை வாங்கலாமா என்று யோசித்தேன். வெளுத்த துணிதானே என்று விட்டுவிட்டேன். சுப்பாத்தாள் சொன்ன வார்த்தை இந்த இடத்தில் எனக்கு ஒத்தாசையாக இருந்தது. கண்டெய்னர் குறித்த தேதிக்குத் தூத்துக்குடி போனது. பெட்டி முன்னைப்போல இரண்டு பங்கு. போட்டோ எடுத்தார்கள். அந்தக் காசில் நான் ஒரு டீகூடக் குடிக்கவில்லை என்பதை நீங்கள் எந்தக் கணக்கிலும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கொஞ்ச நாள் கழித்து மெஹ்ஜபின் எனக்கு நேராகப் போன் செய்தாள். அப்பனிடம்கூடச் சொல்லவில்லை.

"மாமா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. இப்ப வந்த சரக்கெல்லாம் கேஸ் போட்டதுதானுங்களே?"

"பொட்டு என்ன கலரு கண்ணு?"

"பச்சைங்க மாமா."

"அப்புறம் என்ன?"

பிறகு சொன்னாள். பிழைத்து எழ வேண்டியவர்கள் சாகிறார்களாம். சின்னக் காயமெல்லாம் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, இரண்டே நாளில் முடிந்துவிடுகிறதாம். ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். தையல்காரி. கையில் ஒரு விரல்தான் போயிருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு, மிச்ச விரலை வைத்து மிஷின் ஓட்ட முடியுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டவளாம். அவளும் செத்துவிட்டாள். தையல்காரி என்றதும் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. எத்தனை தையல்காரிகளுக்குச் சம்பளம் கொடுத்தவன் நான்.

ஆனால் கோபமும் வந்தது. இவ்வளவு பாடுபட்டு அனுப்புகிறோம், முதல் சந்தேகம் என் சரக்கின் மேலா?

"கையை நல்லாக் கழுவறயா கண்ணு? அவசரத்துல விட்டுப்போயிரும்."



"கழுவறேனுங்க மாமா. இனிமே இன்னும் நல்லாக் கழுவறேன்."

போனை வைத்தபோது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று வக்கீல் எழுதச் சொல்கிறார், அது பொய். அதே பச்சைப் பொட்டு ஒட்டிய அடுத்த சரக்கு அன்றைக்கு என் குடோனில்தான் இருந்தது. லாரி மறுநாள் வருவதாக இருந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சுப்பாத்தாள் முன்னால் எழுந்து நின்று நான் என்ன பதில் சொல்ல முடியும்? லாரி வந்தது. கையெழுத்துப் போட்டு ஏற்றிவிட்டேன். இந்தத் துணியை வைத்தால் ஆள் சாகும் என்று தெரிந்தே ஏற்றினேன். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், நான் மறுக்கப் போவதில்லை.

அங்கே மருத்துவக் குழுவில் விசாரணை வைத்தார்கள். செத்தவர்களுக்குப் பெரும்பாலும் கட்டுப் போட்டவள் மெஹ்ஜபின். சுத்தம் பார்க்கவில்லை என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் சாவு நிற்கவில்லை என்றதும்தான் அங்கிருந்த பெரிய டாக்டர் பிரிக்காத பைகளை ஆய்வகத்துக்கு அனுப்பினார். அதன் முடிவோடுதான் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். அதற்கு முன்னால் நடந்த ஒன்று உங்கள் கோப்பில் இருக்காது.

மெஹ்ஜபின் ஊருக்கு வந்து யாரிடமும் பேசவில்லை. "நீ வந்து ஒரு வார்த்தை பேசு மாப்ள, நீன்னா அவளுக்கு மரியாதை" என்று நூருல்லா கெஞ்சினான். போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்திருந்தாள். முழங்கை வரைக்கும் தோல் உரிந்து, விரல் மடிப்பெல்லாம் வெடித்துக் கிடந்தது. வந்த பிறகும் மணிக்கணக்கில் சோப்புப் போட்டுத் தேய்க்கிறாள் என்றான் நூருல்லா. ராத்திரி எழுந்து போயும் தேய்க்கிறாளாம்.

என்னைப் பார்த்ததும் கேட்டாள். "மாமா, அந்தத் தையல்கார அக்காவை நான்தான் கொன்னுட்டேனுங்களா?"

நூருல்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. பதில் சொல்ல எனக்கு வேண்டிய நேரம் இருந்தது.

அவள் தலையில் கை வைத்தேன். "வேணும்னேவா செஞ்சே கண்ணு? அறியாம நடந்துபோச்சு. மனசுல வெச்சுக்காத."

அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நூருல்லா வாசல் வரை வந்து என்னை வழியனுப்பினான்.

என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அத்தனை பேர் அந்தப் பெண்ணைக் குற்றம் சொன்னபோது, ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லாமல் அவளை மன்னித்தவன் நான் ஒருவன்தான்.