ஒற்றைக் குமிழி

ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள் மேடம். பக்கத்து வள்ளூரில் ஊருக்கெல்லாம் கரண்ட் எடுக்கிறார்கள். பொன்னேரியில் எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் அது களைத்துப்போய்விடுகிறது. டீயைக் குடியுங்கள். சத்தம் மட்டும் வேண்டாம், உள்ளே அவர் இப்போதுதான் கண்ணயர்ந்தார்.

இன்சூரன்ஸிலிருந்து விசாரிக்க வந்தவர், கார் எஞ்சினுக்குள் தண்ணீர் எப்படிப் போனது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

என் கணவர் விமல் நல்லவர். குடி கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. காதலித்துத்தான் கட்டிக்கொண்டோம். பழைய டர்போ கார் ஒன்றை அவர் வாங்கும்வரை சாயங்காலமானால் என்னைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட் வரை நடப்பார். கார் வந்த பிறகு நடை நின்றது, பேச்சு மட்டும் வளர்ந்தது.

டர்போ காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். அழுத்தினால் காற்று சூடாகும், சூடானால் இழுவை குறையும். நடுவில் அந்தக் காற்றைக் குளிர வைப்பதுதான் இன்டர்கூலர். அதில் காற்றால் குளிரும் வகை போதுமா, தண்ணீரால் குளிரும் வகையா? இதுதான் மேடம் எங்கள் வீட்டின் ஒரே கேள்வி. எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தால் காற்று வகை சூடேறிவிடுமாம். தண்ணீர் வகை தாங்குமாம், ஆனால் அதற்குத் தனி பம்ப் வேண்டும், தனித் தொட்டி வேண்டும், முன்னால் இன்னொரு ரேடியேட்டரும் வேண்டும். திங்கட்கிழமை தண்ணீர் என்பார், வியாழக்கிழமை காற்று என்பார். எங்கள் கல்யாண நாளில் பிரியாணிக் கடையில் உட்கார்ந்து, ஊறுகாய்க் கிண்ணத்தைத் தொட்டியாகவும் எலுமிச்சைத் துண்டைப் பம்பாகவும் வைத்து எனக்கு விளக்கினார்.

ஒருமுறை எனக்குக் கடுமையான காய்ச்சல். அருகில் வந்து நெற்றியில் கை வைத்தார். எத்தனை நாளுக்குப் பிறகு தொடுகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இதான் காயு நான் சொல்றது," என்றார். "காத்து வகைன்னா இப்டித்தான் சூடு ஊறிப்பூடும்."

மாத்திரை வாங்கி வந்தது அவருடைய சிநேகிதர் எட்வர்ட். அவர் எப்போதும் சிரிக்க வைப்பார். "இன்னா சிஸ்டர், உங்க ஊட்டுக்காரு அந்தப் பொட்டிக்குக் காது குத்தி பேரு வெச்சிடுவாரு போல கீதே! நீங்க வேலை செய்றதே அந்தக் கம்பெனி. நீங்களே நல்லதா ஒண்ணு எடுத்தாந்து குட்த்துடுங்க. இவன் பேஜாரு தாங்கல."

அதுவும் உண்மைதான். கும்மிடிப்பூண்டியில் இன்டர்கூலர் செய்யும் கம்பெனியில் கசிவு சோதனை என் வேலை. பீஸின் வாயை அடைத்து, காற்றேற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்குவோம். குமிழி வந்தால் ஓட்டை. உடனே சிவப்புப் பெயின்ட் வைக்க வேண்டும். ஸ்கிராப்புக்குப் போகும் முன் சுத்தியலால் அடித்து நெளிக்கவும் வேண்டும், வெளியே யாரும் எடுத்துப் பொருத்திவிடக் கூடாதே. ஓட்டையுள்ள ஒரு பீஸ்கூட எனக்குத் தெரியாமல் வெளியே போனதில்லை. சூப்பர்வைசர் பரசுராமன் சாரைக் கேளுங்கள், அவரே சொல்வார்.

அவரிடம் சொல்லித்தான் வீட்டுக்குத் தண்ணீர் வகையில் ஒன்று விலைக்கு வாங்கினேன். அவர் நல்ல பீஸைத்தான் கொடுத்தார். பெட்டிக்குள் மாற்றி வைத்தது நான். மாற்றி வைத்ததில் ஓட்டை பெரிதில்லை மேடம். வெகுநேரம் அமுக்கிப் பிடித்தால் ஒரு குமிழி மெதுவாக எழும்பி வரும், அவ்வளவுதான். சுத்தியல் அடிக்கவில்லை. சிவப்பைத் தின்னர் போட்டுத் துடைத்தேன்.

பெட்டியைப் பிரித்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் முழுக்க என் முகத்தைப் பார்த்தே பேசினார்.

என் கணக்கு எளிமையானது. வண்டி நிற்கும்போது தண்ணீர் கசிந்து காற்று போகும் வழியில் தேங்கும். எஞ்சினால் காற்றை அழுத்த முடியும், தண்ணீரை அழுத்த முடியாது. உள்ளே போனால் பிஸ்டனைத் தள்ளும் ராடு வளைந்து எஞ்சின் அப்படியே இறுகிவிடும். காலையில் வாசலில் சாவி போடும்போது அது நடக்கும், வண்டி ஒழியும், அவர் எனக்குத் திரும்புவார் என்று நினைத்தேன்.

ஆனால் காரில் பொருத்திய பிறகு வாசலில் அப்படி நடக்கவில்லை. தொட்டியில் தண்ணீர்தான் குறைந்துகொண்டே வந்தது.

"இன்னா காயு, எங்கேயும் ஒழுவல, ஆனா தண்ணி கொறையுதே?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். கேட்டபோதுகூட அவர் என்னைப் பார்க்கவில்லை மேடம், தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புது லைனுங்க, உள்ள காத்து அடைச்சினு இருந்திருக்கும். அது வெளிய வர வர அளவு எறங்கும். ஊத்திக்கினே இருங்க," என்றேன். சோதனை போடுகிறவளே சொல்லும்போது நம்பாமல் இருப்பாரா? ஒவ்வொரு முறையும் நான்தான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

விபத்து நடந்த அன்று எளாவூர் தாண்டி நிறுத்தி, அவரும் எட்வர்ட்டும் டீ குடித்திருக்கிறார்கள். கிளம்பி ஒரு டிரெய்லரை முந்தும்போது நன்றாக மிதித்திருக்கிறார். தேங்கியிருந்த தண்ணீர் உள்ளே போய், எஞ்சின் இறுகி வண்டி நடுரோட்டிலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரியால் நிற்க முடியவில்லை.

எட்வர்ட் அந்த இடத்திலேயே போய்விட்டார். அவர் மனைவி கிறிஸ்டினா தங்கமான பெண். மீன் குழம்பு வைத்தால் அவளுக்கு ஒரு கிண்ணம் மறக்காமல் கொடுத்தனுப்புகிறேன். இவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. குளிப்பாட்டி, தலை துவட்டி, சோறு ஊட்டுவது எல்லாம் நான்தான். சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். இவ்வளவு அன்னியோன்னியம் கல்யாணமான புதிதில்கூட எங்களுக்குள் இருந்ததில்லை. ஒரு மனைவி இதைவிட என்ன செய்துவிட முடியும்?

டீ ஆறுகிறதே மேடம்.

இப்போது ஒரு வாரமாகத்தான் மனசு சரியில்லை. மறுபடியும் போனும் கையுமாக இருக்கிறார். மோட்டார் வைத்த சக்கர நாற்காலி வேண்டுமாம். தெருமுனை வரை தானே போய் வருவாராம். எந்த மோட்டார், எந்த பேட்டரி என்று ஓயாமல் அதே பேச்சு. நேற்றுப் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "காயு, இதுல எது நல்லதுன்னு சொல்லேன்," என்றார்.

"நீங்க ஒண்ணும் பாக்க வேணாம்," என்றேன். "நானே நல்லதா ஒண்ணு எடுத்தாந்து தர்றேன்."