முழங்காலுக்கு மட்டும் வயதான கதை

அவைக்கு அணியாக வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, தலையில் நரைத்தாலும் நகைப்பில் நரைக்காத பெரியோர்களே, வீட்டு வேலை, ஆலை வேலை இரண்டையும் முடித்துவிட்டு என் பேச்சையும் தாங்க வந்திருக்கும் பொறுமையின் பெட்டகங்களாம் தாய்மார்களே, தேநீர் எப்போது வரும் என்று வாசலையே பார்க்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் இந்த ஆலையின் பணியாளர் நல அதிகாரியின் பணிவான வணக்கம்.

நம் கண்ணாடிப் பாட்டில் ஆலையின் புதிய கூடத்தைத் திறக்கும் இந்நாளில், முதுமையும் பொருளாதார வளர்ச்சியும் பற்றிப் பேசச் சொன்னார்கள். பயப்படாதீர்கள், புள்ளிவிவரம் கொண்டுவரவில்லை. ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன்.

விளக்குத் திரையின் முன்னால் மருந்து பாட்டில்கள் வரிசையாக ஓடும். விரிசல் விட்டதை, குமிழி விழுந்ததை எடுத்து விலக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு முன்புவரை எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே பார்க்கும் வேலை. அங்கே இருபத்தாறு ஆண்டுகள் நின்றவர், மயிரிழை விரிசலும் கண்ணுக்குத் தப்பாததால் நாம் பெயர் சூட்டிய எக்ஸ்ரே அக்கா. கைதட்டுகிறீர்கள், அவரைத் தெரியாதவர் யார்?

ஐம்பத்தேழு வயதில் அவருக்கு முழங்கால் வீங்கியது. மாதம் ஆறு நாள் விடுப்பு. நான் என்ன செய்தேன்? மருத்துவரைக் கேட்டேனா? மேற்பார்வையாளரைக் கேட்டேனா? அவரையாவது கேட்டேனா? உடல் தகுதி இல்லை என்று வேலைநீக்கக் கடிதம் அடித்துக் கையில் கொடுத்தேன். பின்வரிசையில் யாரோ “நீங்களா சார்?” என்கிறீர்கள். நானேதான் ஐயா. மறைக்கவா முடியும்?

அவர் அழவில்லை. கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“சார், நான் பாட்டில எதால பாக்கறேன்?”

“கண்ணாலதான்.”

“கண்ணு நல்லாத்தானே இருக்கு. முழங்காலுக்குத்தான் வயசாச்சு. அதுக்கு ஒரு ஸ்டூல் போடுங்க. என்னை ஏன் வீட்டுக்கு அனுப்பறீங்க?”

கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். நேரே முதலாளியிடம் ஓடினேன். இதோ தலைமை தாங்கிச் சிரிக்கிறாரே, இவரேதான். உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள் என்று தயங்கினார். ஒரு மாதம் பார்ப்போம் என்று இறங்கி வந்தார்.

உயரம் மாற்றும் ஸ்டூல் வந்தது. கண் பரிசோதனை வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிட நடை வந்தது. முதல் வாரம் உட்கார்ந்து உட்கார்ந்தே கால் மரத்து, அக்காவே சோர்ந்துபோனார். ஆனாலும் ஸ்டூலை எடுத்துவிடாதீர்கள் என்று என்னிடம் கெஞ்சினார். மருத்துவர் சொன்ன பயிற்சிகளை விடாமல் செய்தார். அடுத்த மாதம் ஒரு நாள்கூட விடுப்பில்லை.

பிறகு இருபத்து மூன்று வயதுப் பெண்கள் என் அறைக்குப் படையெடுத்தார்கள். “எங்க கால் மட்டும் இரும்பா சார்?” என்றார்கள். எல்லோருக்கும் ஸ்டூல் வந்தது. கால் தேறியது, கண் தெளிந்தது, கைவேகம் கூடியது. விரிசல் பாட்டில்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த மருந்து நிறுவனம் இருமடங்கு ஆர்டர் தந்தது. அணைந்து கிடந்த இரண்டாம் உலை மறுபடி எரிந்தது. இந்தக் கூடம் எழுந்தது.

மூத்தவர்கள் நகராவிட்டால் இளையவர்களுக்கு ஏது வேலை என்று கேட்பவர்களே, இங்கே புதிதாய்ச் சேர்ந்த தொண்ணூறு பேரைக் கேளுங்கள்! அக்காவின் சம்பளத்தால் அவர் தெரு மளிகைக்கடையும் தையற்கடையும் தழைத்ததைக் கேளுங்கள்! நலமாக மூப்பவர் நாட்டுக்குச் சுமையா? இல்லை. நலம் இழந்து முடங்குவதே சுமை! ஆயுளை நீட்டியது மருத்துவம். அந்த ஆயுளுக்குள் ஆற்றலை நிரப்புவது நம் கடமை!

சென்ற மாதம் அறுபத்திரண்டு வயதில் அவரே ஓய்வு கேட்டார். இன்னும் ஓராண்டு இருங்கள் என்று மன்றாடினேன். அவர் சொன்னார்: “போதும் சார். நல்லா நடக்கறப்பவே போறேன். பாக்க வேண்டிய ஊரு நிறைய இருக்கு.”

ஆகவே முன்வரிசையில் அவரைத் தேடாதீர்கள். அழைத்தோம்; வர நேரமில்லை என்றுவிட்டார். இன்று காலையிலேயே தங்கையோடு மலையேறக் கிளம்பிவிட்டார்.

பொறுமையோடு கேட்ட செவிகளுக்கும் தாராளமாய்த் தட்டிய கைகளுக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி. எழுந்து போகும் ஒவ்வொரு காலும் நெடுநாள் நடக்கட்டும். வணக்கம்.