வெறும் பாதாம்தான்

எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது. அதனால் பிரின்ஸ்டன் பக்கத்தில் இருந்த அந்தப் பிரெஞ்சு பேக்கரிக்கு நான் ஆசைப்பட்டுப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் நாத்தனார் தாமரைச்செல்வியின் கல்யாணப் பேச்சுக்காகப் போனேன்.

தாமரை என் கணவர் நஞ்சுண்டனின் தங்கை. தொண்ணூற்றாறில் படிக்க என்று அமெரிக்கா வந்து, நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்களோடு தங்கியவள். மாலையில் கல்லூரி, பகல் முழுக்க என் இரண்டு வாண்டுகள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அவள்தான். நாங்கள் வேலையிலிருந்து வரும்போது ரசம் சூடாக இருக்கும். டேகேர் என்ற சொல்லையே எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை.

இந்த வருஷம், தொண்ணூற்றெட்டில், டெக்சாஸிலிருந்து ஒரு வரன் வந்தது. ரவுண்ட் ராக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பெயர் முகிலன். ஊரிலிருந்து வந்திருந்த அவன் அம்மா மீனாக்ஷி ஆன்ட்டி சுத்த சைவம். முட்டை பட்ட கரண்டியைக்கூடத் தொட மாட்டார். அமெரிக்கா வந்தும் சொஜ்ஜி பஜ்ஜியா, பெண் பார்ப்பதை ஸ்டைலாக வெளியில் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னது நான்தான். எல்லோரும் பாராட்டினார்கள்.

முதல் நாளே தனியாகப் போய் விசாரித்தேன். எதிலும் பொறுப்பாக இருப்பது என் சுபாவம். கண்ணாடிப் பெட்டிக்குள் ரோஸ், பச்சை, மஞ்சள் என்று மக்கரோன் என்கிற குட்டிப் பிரெஞ்சு இனிப்புகள். கடைக்காரப் பெண்மணி பொறுமையாக விளக்கினார்: பாதாம் மாவு, சர்க்கரை, அப்புறம் நிறைய முட்டை வெள்ளைக்கரு. பார்ப்பதற்கு அப்பாவியாக இருந்தது. அதையே ஆர்டர் செய்தேன்.

மறுநாள் நஞ்சுண்டனும் நானும் ஆன்ட்டியும் பார்த்துக்கொண்டிருக்க, முகிலனும் தாமரையும் உட்கார்ந்த உடனேயே சிரித்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வயிறு எரிந்தது, சொல்வதற்கென்ன. தட்டு வந்ததும் அவள் என் காதருகே குனிந்தாள்.

"அண்ணி, இதுல எக் இருக்குமா?"

"வெறும் பாதாம்தான். நேத்தே செக் பண்ணிட்டேன். நீயே எடுத்துக் குடு, அவங்களுக்குப் பிடிக்கும்."

அவள் தட்டை நீட்டினாள். "எக் இல்ல ஆன்ட்டி, பாதாம்தான். நல்லா விசாரிச்சாச்சு."

ஆன்ட்டி மூன்று தின்றார். நான்காவதை வாயில் போட்டபோது, செய்முறை கேட்கும் பாவனையில் கடைக்காரப் பெண்மணியைக் கூப்பிட்டேன். அவர் பெருமையோடு "எக் ஒயிட்ஸ்" என்று தொடங்கினார். ஆன்ட்டிக்கு அவ்வளவு இங்கிலீஷ் போதும். வாயிலிருந்ததை நாப்கினில் துப்பிவிட்டு "முருகா" என்று அலறினார். பக்கத்து மேசை வெள்ளைக்காரத் தம்பதி முருகா எங்கே என்று திரும்பிப் பார்த்தார்கள்.

"வாய் கூசாம பொய் சொல்லி ஊட்டுறா. நாளைக்கு இவ சமைச்சா எதை நம்பிச் சாப்பிடறது? எந்திரிடா முகிலா."

தாமரை என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை கந்தலாகியிருக்கும். சொல்லவில்லை. அண்ணன் முன்னால் அண்ணியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். நல்ல வளர்ப்பு.

முகிலன் பிறகு போன் செய்தான். அம்மாவைச் சமாதானப்படுத்திவிட்டானாம், தாமரையிடம் பேச வேண்டுமாம். தங்கமான பையன். அவளுக்கு இதில் இஷ்டமில்லை, வேறு இடம் முடிவாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவள் அப்போது பக்கத்து அறையில் சின்னவனைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். முகிலன் கூப்பிடவே இல்லை என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆமாம், எல்லாம் தெரிந்துதான் செய்தேன். இப்போதெல்லாம் அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுகிறாள், குழந்தைகளுக்குக் கேட்கக் கூடாதென்று. இவ்வளவு பாசமுள்ள பெண்ணை முன்பின் தெரியாத குடும்பத்துக்கு அனுப்பிவைக்க எந்த அண்ணிக்கு மனசு வரும்?