மூன்று இழுப்பு

அன்றைக்குக் கயிற்றைப் பிடித்தது அண்ணன். தப்பு அங்கேதான்.

கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். என் அப்பாவின் பாட்டன் காலம். கோரைவலசையில் ஆம்பளைகள் எல்லாம் சங்கு குளிக்கப் போவார்கள். இடுப்பில் கயிறு, காலில் கல். மூச்சு இருக்கும்வரை கடலடியில் சங்கு பொறுக்குவார்கள். மூச்சு முடிந்தால் கயிற்றை மூன்று தரம் இழுப்பார்கள். வள்ளத்தில் இருக்கிறவன் உடனே தூக்கவேண்டும். அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான், பொண்டாட்டியின் உடன்பிறந்தவன். தங்கச்சி தாலி அவன் கையில். அண்ணன் தம்பியிடம்கூடக் கொடுக்கமாட்டார்கள்.

இன்னாசி என்று ஒருவர். நன்றாகக் குளிப்பார். அவர் மச்சான் குருசு. இன்னாசி சொந்தத்தில் ஒரு கல்யாண வீட்டில் குருசுக்கு வெற்றிலைத் தட்டை நீட்ட மறந்துவிட்டார்களாம்.

"உங்க வீட்டுக் கயிற நீங்களே பிடிச்சுக்கங்க" என்று குருசு வீட்டில் உட்கார்ந்துவிட்டான். வெற்றிலைக்கு!

"அவன் கெடக்கான். நான் பிடிக்கிறேன்" என்று இன்னாசியின் அண்ணன் தொம்மை வள்ளத்தில் ஏறினார்.

தொம்மை என் பூட்டன். அதனால்தான் நான் சொல்கிறேன். வேறு எவன் சொன்னாலும் கூட்டிச் சொல்வான்.

இன்னாசி இறங்கினார். வரவில்லை. முடிச்சு அவிழ்ந்து கயிறு மட்டும் வந்தது.

"கயிறு இழுக்கவே இல்ல" என்றார் தொம்மை. சாமியாரிடமும் அதையே சொன்னார். உடம்பு கிடைக்கவில்லை. கல்லறையில் வெறும் சிலுவை நட்டார்கள்.

கயிற்றை இன்னாசி வீட்டுச் சுவரில் மாட்டினார்கள். ஒரு மத்தியானம் அவர் பொண்டாட்டி அதை வெயிலில் போட எடுத்தாள். கையில் பிடித்தாள். கயிறு இழுத்தது. மூன்று தரம். மறுநாள் பிடித்தாள். மூன்று தரம். பக்கத்து வீட்டார் பிடித்தார்கள். மூன்று தரம் என்கிறார்கள். காற்று என்றவனும் இருந்தான். காற்றுக்கு எண்ணத் தெரியுமா?

கயிற்றைத் தொம்மையிடம் கொண்டுபோனாள்.

"பிடிச்சுப் பாருங்க அத்தான்."

தொம்மை கையைக் கட்டிக்கொண்டார். "போ புள்ள. துக்கத்துல ஒனக்குப் புத்தி கலங்கிருச்சு."

"எனக்குக் கலங்கட்டும். நீங்க ஏன் கையக் கட்டிக்கிட்டீக? அவுக இன்னும் கூப்புடுறாக. தூக்கிவிடாம நான் எப்படிச் சோறு திங்க?"

பொம்பளை வள்ளத்தில் ஏறாத காலம். அவள் ஏறினாள். குருசு தலையைக் குனிந்துகொண்டு ஏறினான். தொம்மையை ஊரே பிடித்து ஏற்றியது. இன்னாசி இறங்கிய இடத்துக்குப் போனார்கள். கடலடிப் பாறை அது. பார் என்போம். நுனியில் கல் கட்டிக் கயிற்றை விட்டார்கள்.

கயிறு இழுத்தது. மூன்று தரம்.

குருசு தூக்கினான். அசையவில்லை. "என்னால ஆகல தங்கச்சி. அன்னைக்கு நான் வரலியே" என்று அழுதான். தொம்மை தூக்கினார். அசையவில்லை. உள்ளங்கை பிய்ந்து ரத்தம் வந்தது.

அவள் கேட்டாள்: "அத்தான், அன்னைக்கு இழுத்தாகளா இல்லையா?"

தொம்மை கடலைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"இழுத்தான். நீரோட்டம்னு நெனச்சேன். ரெண்டாவது தரமும் அப்படித்தான் நெனச்சேன். மூணாவது தரம்... பக்கத்து வள்ளத்துக்காரனோட பேசிக்கிட்டு இருந்தேன்."

அவள் திட்டவில்லை. கயிற்றை வாங்கித் தூக்கினாள். வந்தது. ஓர் ஆள் கனம் கனத்ததாம். வள்ளமே அந்தப் பக்கம் சாய்ந்ததாம். தண்ணீர்மட்டத்துக்கு வந்ததும் கனம் போய்விட்டது. நுனியில் கல் மட்டும் தொங்கியது.

"வந்துட்டீக" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

பிறகு அந்தக் கயிறு இழுக்கவில்லை. என் தாத்தா பிடித்துப் பார்த்தார். அப்பா பிடித்துப் பார்த்தார். நானும் பிடித்தேன். வெறும் கயிறு.

தொம்மை சாகும்வரை கயிறு தொடவில்லை. சரி, அது கிடக்கட்டும்.

இன்றைக்கும் கோரைவலசையில் வருசத்தின் முதல் குளிப்புக்கு வீட்டுப் பொம்பளை இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிற்றின் ஒரு நுனியைப் பிடிப்பாள். வள்ளத்தில் இருந்து புருசன் மூன்று தரம் இழுப்பான். "தெரியுது" என்று அவள் சொன்ன பிறகுதான் கயிறு மச்சான் கைக்குப் போகும். அதுவரை வள்ளம் நகராது. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

அந்தப் பாருக்கும் பேர் உண்டு. இன்னாசி பேர் இல்லை. தொம்மை பேர் இல்லவே இல்லை. கயிற்றைத் தூக்கியவள் பேர்தான்.

மதலேன்.