தானே தள்ளிவிடக்கூடிய பாரம்: தராசக்காவுக்கு எங்கள் மடல்

எடையறிந்து இதம் அளித்தவரே! பேசாப் பிள்ளைகளின் பேச்சைக் கைகளில் படித்தவரே! எங்கள் சிறப்புப் பள்ளியின் தெரபி அறையை இருபத்தேழு ஆண்டுகள் அன்பாலும் அதட்டலாலும் ஆண்ட தராசக்காவே! பணி நிறைவு பெறும் உங்களுக்கு எங்கள் பணிவான வணக்கம்!

தராசக்கா என்று பெயர் வைத்தது நாங்கள்தான். இனி மறைத்துப் பயனில்லை. மாதம் பிறந்தால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடை பார்ப்பீர்கள். பதறும் பிள்ளையை அமைதிப்படுத்த, உள்ளே சிறு கண்ணாடி மணிகள் வைத்துத் தைத்த கனமான எடைப் போர்வை, இருபது கிலோப் பிள்ளைக்கு இரண்டு கிலோவைத் தாண்டிக் கிடையாது. காய்ச்சலில் படுத்தெழுந்து வந்தால் மறுபடியும் எடை. தையல் பிரிந்து உள்ளிருக்கும் மணி ஒன்று எட்டிப் பார்த்தாலே போர்வை அலமாரிக்குள் போய்விடும். வீட்டிலிருக்கும் சின்னவனுக்கும் ஒன்று கேட்ட தாயிடம், "கைக்குழந்தைக்கு இது வேண்டவே வேண்டாம்மா. நீங்க தூக்கி வச்சுக்கிற கனம் போதும்" என்றீர்கள். வலிப்போ மூச்சிரைப்போ உள்ள பிள்ளைக்கு மருத்துவர் சொல்லாமல் போர்த்த விட்டதில்லை. தலைமையாசிரியர் கெஞ்சியும் மசிந்ததில்லை. பிடித்தால் உடும்புப் பிடி!

இம்மடலை எழுதும் கை, ஒரு காலத்தில் போர்வையின் ஓரத்தைச் செருகிய கை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பள்ளி மணியடிக்கும் சத்தத்துக்குக் காதைப் பொத்தி அலறும் ஆறு வயதுப் பையன்; வாய்ப்பேச்சு வராதவன். போர்த்தினேன், அடங்கினான். ஆசை மிகுதியில் ஓரங்களையெல்லாம் மெத்தைக்கடியில் அழகாகச் செருகிவிட்டு, நோட்டில் எழுதத் திரும்பினேன். சத்தமே இல்லை, நிம்மதியாகத் தூங்குகிறான் என்று நினைத்தேன்.

"ஓரத்தை உருவுங்க டீச்சர், உருவுங்க!" என்று கத்திக்கொண்டு வாசலிலிருந்து ஓடி வந்தீர்கள். அவன் முகமெல்லாம் வியர்வை. போர்வைக்குள் இரண்டு கைகளும் முட்டிக்கொண்டிருந்தன.

நல்லவேளை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாலையில் அவன் அம்மா வந்தபோது என் வேலை போயிற்று என்றே நின்றேன். நீங்கள் என் பக்கத்தில் வந்து நின்று, "தப்பு எங்க மேலதாம்மா" என்று ஒன்றுவிடாமல் சொன்னீர்கள். பிறகு என்னை அதே மெத்தையில் படுக்க வைத்து, பெரிய போர்வையைப் போர்த்தி, ஓரங்களை இறுகச் செருகி, "இப்ப எந்திரிங்க பார்ப்போம்" என்றீர்கள். முடியவில்லை.

"வாயால சொல்ல முடியாத பிள்ளை கையாலதான் 'போதும்'னு சொல்லும். அந்தக் கையையும் கட்டிட்டா யார்கிட்ட சொல்லும்?"

அன்று அழுதேன் அக்கா. இதை எழுதும்போதும் கண் கலங்குகிறது.

அதன்பின் இங்கு வந்த ஒவ்வொருவரும் அந்த மெத்தையில் படுத்தெழுந்துதான் ஆசிரியரானோம். மூன்று முறை தானே தள்ளிக் காட்டாத பிள்ளைக்குப் போர்வை இல்லை. முகத்தை மூடுவதில்லை, பார்வையை எடுப்பதில்லை, தூங்கிவிட்டால் மேலே விட்டுவைப்பதில்லை. அடங்காத பிள்ளையை அடக்க அது கருவியுமில்லை. எழுதி ஒட்டாத இந்தச் சட்டங்களை இனி நாங்கள் காப்போம்!

மூட்டுவலி முகம் காட்டாமல், மனநிறைவு மாறாமல், பேரப்பிள்ளைகளையும் எடை பார்த்துக்கொண்டு பல்லாண்டு வாழ்க!

அந்தப் பையன் இன்று என்னைவிட உயரம். இந்த வழியனுப்பு விழாவின் முதல் வரிசையில், தன் போர்வையை மடியில் விரித்து உட்கார்ந்திருக்கிறான். கைதட்டல் ஓய்ந்ததும் அதைத் தானே தள்ளிவிட்டு உங்களிடம் வருவான். நாங்கள் யாரும் உதவப் போவதில்லை.

இப்படிக்கு,
அந்த மெத்தையில் படுத்தெழுந்த
ஆசிரியர்களும் பணியாளர்களும்